கோட்டை நிலையமும் பொல்காவலைத் திருப்பமும்

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையம் கோட்டையில் இல்லை, புறக்கோட்டையில் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டிய மதில்கள் 1869 தொடக்கம் இடிக்கப்பட்டன. மதில் போன பின்னும் பெயர் போகவில்லை. நிலையத்தின் முன்வாசலால் இறங்கி வீதியைக் கடந்தால் நாம் கால் வைப்பது புறக்கோட்டைக் கடைத்தெருவில்தான். உள்ளே இருப்பவர்களின் பெயரைத் தாங்கிக்கொண்டு வெளியே இருப்பவர்களின் மத்தியில் நிற்கும் இந்தக் கட்டிடத்தின் வரலாற்றை, வெளியே இருப்பவர்களின் பக்கத்திலிருந்து, அதிலும் மலையகத்தின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்பது எனது எண்ணம்.

இலங்கைக்குப் புகையிரதம் பயணிகளுக்காக வரவில்லை, கோப்பிக்காக வந்தது. கண்டிச் சீமையில் விளைந்த கோப்பி மாட்டுக் கரத்தைகளில் கொழும்புத் துறைமுகம் வந்துசேர நாட்கணக்கில், மழை காலத்தில் வாரக்கணக்கில் ஆயிற்று. தோட்டத் துரைமார் ஓயாமல் நச்சரித்தனர். 1845இல் லண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி அமைக்கப்பட்டது. 1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வைத்தார். செலவு மதிப்பீடுகள் ஏறிக்கொண்டே போனதால் கம்பனி கலைந்தது; அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. 1863இல் பேவியல் என்ற ஒப்பந்தகாரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் புகையிரதப் பாதையான பம்பாய் - தானா பாதையைப் போட்டதில் பங்குள்ளவர் அவர்.

1864 டிசம்பர் 27ஆம் திகதி முதலாவது வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. தூரம் 54 கி.மீ. அதில் ஏறிச் சென்ற விருந்தினர்களில் ஒருவர் பெல்ஜியத்தின் பிரபாண்ட் கோமகன். மறு வருடமே அவர் இரண்டாம் லியோபோல்ட் என்ற பெயரில் அரசரானார். ஆபிரிக்காவின் கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கி, இறப்பர்ப் பாலுக்காக அந்த மக்களைக் கைவெட்டிக் கொடுமைப்படுத்திய ஆட்சி அவருடையதுதான். நமது முதல் கோச்சியில் இப்படியொரு பயணி இருந்தார் என்பதை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. பாடநூலில் அது இல்லை.

பொதுப் போக்குவரத்து 1865 ஒக்டோபரில் தொடங்கியது. அன்றைய தலைமை நிலையம் கோட்டையில் அல்ல, மருதானைப் பக்கத்தில் இருந்தது. 'டேர்மினஸ்' என்று சொல்லப்பட்ட அந்தப் பழைய கட்டிடம் 1906இல் கைவிடப்பட்டது. பின்னாளில், 2009இல், அங்கே புகையிரத நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டு, சில வருடங்களில் அது கடுகண்ணாவைக்கு மாற்றப்பட்டது.

பாதை கொழும்பிலிருந்து மேலே மேலே ஏறியது. கண்டி 1867, நாவலப்பிட்டி 1874, ஹற்றன் 1884, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. இந்த வருடங்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. கோப்பிக்காகப் போட்ட பாதை ஹற்றனுக்கு வந்து சேர்ந்தபோது கோப்பி ஏறக்குறைய முடிந்துபோய், மலை முழுக்கத் தேயிலை முளைத்துக்கொண்டிருந்தது. எங்களுடைய நோர்வூட்டும் பொகவந்தலாவையும் மஸ்கெலியாவும் தேயிலைப் பிரதேசங்களாக நிலைத்ததற்கு ஹற்றன் நிலையம் முக்கிய காரணம். ஹற்றனைத் தாண்டியதும் கொட்டகலைப் பக்கம் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. இலங்கையின் மிக நீளமான புகையிரதச் சுரங்கம் என்று சொல்லப்படுவது. பட்டிப்பொலைக்கு அருகே பாதை 6,200 அடிக்கு மேல் ஏறுகிறது. இவ்வளவையும் வெட்டியும் குடைந்தும் போட்ட கைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகளின் கைகள் கணிசமானவை.

புகையிரதம் எல்லோருக்கும் நன்மையாக முடிந்தது என்று எழுதிவிட முடியாது. கண்டி இராச்சிய காலத்திலிருந்தே பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டுபோய், பாக்கும் மிளகும் கீழே கொண்டுவந்தவர்கள் முஸ்லிம்கள். 'தவளம்' என்ற அந்த வணிகம் கரத்தை வீதிகளால் முதலில் தளர்ந்தது, கோச்சியால் முற்றாகவே படுத்தது. தவளக்காரரின் பிள்ளைகள் மாட்டை விற்றுவிட்டு, புகையிரதம் நின்ற ஊர்களிலும் அவற்றிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளிலும் கடை வைத்தனர். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் ஹற்றனிலும் எங்களுடைய சிறிய பஸாரிலும் இன்று காணும் பல முஸ்லிம் கடைகளின் ஆதியைத் தேடிப் போனால் இத்தகைய கதைகள் அகப்படும். ஆய்வாளர்கள் இன்னும் நிறையத் தோண்ட வேண்டிய இடம் இது.

இனி கோட்டை நிலையத்துக்கு வருவோம். மருதானை நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. நாம் இன்று காணும் கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள விக்டோரியா நிலையத்தை மாதிரியாகக் கொண்டது என்பர். முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலும் இப்படியொரு கட்டிடத்தைக் குடியேற்ற நாட்டில் எழுப்ப முடிந்ததென்றால், தேயிலையும் இறப்பரும் அந்நாளில் ஈட்டிக் கொடுத்ததை நாம் ஊகித்துக்கொள்ளலாம். முன்னால் ஓடிய வீதி நொரிஸ் வீதி. பின்னர் ஒல்கொட் மாவத்தை ஆயிற்று. வாசலில் நிற்கும் கேணல் ஒல்கொட்டின் சிலை 1967இல் வைக்கப்பட்டது. நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. நிலையத்தைவிட அது எட்டு வயது மூத்தது.

அந்த எட்டு வருடங்களின் நடுவில் ஒரு கறுப்பு வருடம் கிடக்கிறது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் சில நாட்களிலேயே புகையிரதப் பாதையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு கொழும்புவரை இறங்கியது. அதுவரை அரிசியையும் தபாலையும் ஏற்றிய பாதை, வதந்தியையும் ஏற்றத் தெரிந்துகொண்டது. கரத்தை வேகத்தில் போயிருந்தால் இடையிலேயே ஆறிப்போயிருக்கக்கூடிய செய்திகள் சில மணிநேரத்தில் அடுத்த ஊருக்குச் சென்றன. போக்குவரத்து வரலாறு எழுதுவோர் இந்தப் பக்கத்தை அநேகமாகப் புரட்டுவதில்லை.

அதற்கு முந்திய வருடம், 1914, நமக்கு இன்னும் முக்கியமானது. அவ்வருடம் பெப்ரவரி 24ஆம் திகதி இந்தியப் பக்கத்தில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இலங்கைப் பக்கத்தில் தலைமன்னார்ப் பாதை திறந்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடிவரை கோச்சி. அங்கிருந்து ஏறத்தாழ இருபது மைல் கடலைக் கப்பலில் கடந்தால் தலைமன்னார் இறங்குதுறை. அங்கே காத்திருக்கும் கோச்சியில் ஏறினால் காலையில் கொழும்பு கோட்டை. இதுதான் 'போட் மெயில்'. வணிகரும் வக்கீல்களும் சங்கீத வித்துவான்களும் மேடைப் பேச்சாளர்களும் இப்படி வந்து இறங்கினர். தமிழகத்துச் சஞ்சிகைகளின் கட்டுகளும் இப்படியே வந்தன. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வரும்வரை, கொழும்பின் தமிழ் வாசகனுக்கு கோட்டை நிலையம் ஓர் இலக்கிய வாசலாகவும் இருந்தது என்றால் மிகையில்லை.

ஆனால் அதே கடலைக் கடந்து, அதே தலைமன்னாரில் இறங்கிய இன்னொரு கூட்டம் கோட்டையைக் காணவில்லை. அவர்கள்தான் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் பாட்டன்மார் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களின் தொகை பெரிது. பின்னர் சிலகாலம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தனர். அப்போது இந்த நிலையக் கட்டிடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகடு தொங்கியது. பொதிக்கு ஒட்டும் விலாசம் போல. தலைமன்னார்ப் பாதை வந்த பிறகு மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாட்கணக்கில் அடைத்து வைத்து, பிறகு கப்பலிலும் கோச்சியிலும் ஏற்றினர். அந்தக் கோச்சி மதவாச்சி, அநுராதபுரம், மாகோ தாண்டி பொல்காவலைக்கு வரும். அங்கே வடக்குப் பாதை பிரதான பாதையோடு சேருகிறது. ஒரு பக்கம் போனால் கொழும்பு, மறு பக்கம் போனால் மலை. கனவான்கள் கொழும்புப் பக்கம் போக, தொழிலாளர் மலைப் பக்கம் திருப்பப்பட்டனர். ரம்புக்கனையில் ஏற்றம் தொடங்கும். அதன்பிறகு அவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க நாட்டின் தலைநகரைப் பார்த்ததில்லை.

என் கருத்தில், கோட்டை நிலையத்தின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் பொல்காவலையை விட்டுவிட்டு எழுத முடியாது. கோட்டை எதைப் பெற்றது என்பதைக் கோட்டையில் பார்க்கலாம். யாரைப் பெறவில்லை என்பதைப் பொல்காவலையில்தான் பார்க்க முடியும்.

ஆட்கள் போகாத ஊருக்கு அவர்கள் கொய்த கொழுந்து போனது. தேயிலைப் பெட்டிகள் ஹற்றனிலும் கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் ஏற்றப்பட்டுக் கொழும்புத் துறைமுகம் சென்றன. ஹற்றனிலிருந்து கோட்டைக்குப் பாதை வழியே ஏறத்தாழ 173 கி.மீ. திரும்பும் வண்டிகளில் அரிசி வந்தது. சம்பளத்தில் கழிக்கப்படும் அரிசி. மாவும் சீனியும் உரமும் வந்தன. பின்னாளில் லொறிகள் இந்தப் பாரத்தைப் பறித்துக்கொண்டன. சரக்கு வண்டிகள் குறைந்து, பல நிலையங்களின் பண்டசாலைகள் பூட்டிக் கிடக்கலாயின.

இரவுத் தபால் கோச்சியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஓடும் வண்டியிலேயே தபால் பிரிக்கும் பெட்டி அதில் இருந்தது. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் மலைக்கு வந்தது பெரும்பாலும் கோச்சியில்தான். எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது லயத்து வழக்கம். எங்களூர்ப் பழைய கடைக்காரர்கள் சரக்குப் பிடிக்க இரவுக் கோச்சியில் போய், விடியலில் கோட்டையில் இறங்கி, சம்மாங்கோட்டுப் பள்ளியில் சுபஹுத் தொழுது, கெய்சர் வீதியில் துணியும் பழைய சோனகத் தெருப் பக்கம் மளிகையும் பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பிவிடுவார்களாம். என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மூட்டைக்கு 'நாட்டாமை' கேட்கும் கூலியில் பேரம் பேசுவதுதான் அந்தப் பயணத்தின் பெரிய சண்டை என்பார்.

நாட்டாமை என்ற இந்தச் சொல் கவனிக்கத்தக்கது. ஊரில் தலைமைக்காரனைக் குறிக்கும் சொல் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரைக் குறிக்கிறது. சிங்களத்திலும் அதே பெயர்தான் புழங்குகிறது. சொல் எப்படித் தோள் மாறியது என்பதை மொழியறிஞர்கள் சொல்லட்டும்.

சுதந்திரத்துக்குப் பின் நிலையத்தின் முகம் மாறியது. பி. டி. ரம்பால 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளராகி, 1955 முதல் 1970 வரை பொது முகாமையாளராக இருந்தார். இப்பதவிகளில் இலங்கையர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டியவர் அவர். நிலக்கரி இயந்திரங்களின் இடத்தில் டீசல் இயந்திரங்கள் வந்தன. தூர வண்டிகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே வருடம் ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது! ஒரு நாடு ஒரே வருடத்தில் ஒரு தமிழ்ப் பெயரைத் தண்டவாளத்தில் ஏற்றி, தமிழை அலுவலகத்திலிருந்து இறக்கியது. கிழக்குக்கு உதயதேவி, தெற்குக்கு ருகுணு குமாரி. மலைக்கு உடரட மெனிக்கே, பொடி மெனிக்கே, திக்கிரி மெனிக்கே. தமிழர் செறிந்து வாழும் தேயிலை மலையினூடாகப் போகும் கோச்சி எதற்கும் தமிழ்ப் பெயர் வாய்க்கவில்லை. இது பெரிய குறையில்லை, ஆனாலும் குறைதான்.

பெரிய குறை வேறு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியொன்று ஆட்களோடு கடலுக்குள் போயிற்று. இலங்கையின் முதல் கோச்சி ஓடி நூறு வருடம் நிறைய அப்போது ஐந்தே நாட்கள் இருந்தன. போட் மெயில் பழையபடி ஓடவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1984 வரை போய்வந்தது.

அந்தக் கப்பலுக்குத்தான் ஹற்றன் மேடையிலிருந்து ஆட்கள் ஏற்றப்பட்டனர். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், அம்மிக் குழவிகூட எடுத்துப் போனவர்கள் உண்டு. அண்ணன் அந்தப் பட்டியலில், தங்கை இந்தப் பட்டியலில். வண்டி அசைந்ததும் மேடையில் எழுந்த ஓலத்தைக் கேட்டவர்கள் எங்கள் பகுதியில் இப்போதும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளும் கொழும்புக்குப் போகவில்லை. மலையிலிருந்து இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பின. வந்தபோது எந்தச் சந்தியில் திருப்பப்பட்டார்களோ, போகும்போதும் அதே சந்தியில் திருப்பப்பட்டார்கள். இடையில் நூறு வருடத் தேயிலை கோட்டை வழியே போய்விட்டிருந்தது.

மலையக இளைஞர் பெருந்தொகையாகக் கோட்டையில் இறங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். எழுபதுகளின் உணவுப் பஞ்சம் சிலரைத் தள்ளியது; பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் மெல்ல மெல்லக் கிடைத்தது மற்றவர்களுக்குத் துணிவு தந்தது. புறக்கோட்டைக் கடைகளில், ஹோட்டல்களில், வீடுகளில், கட்டிட வேலைத்தளங்களில் அவர்கள் சேர்ந்தனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல்நாள் கோட்டையின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கழிவறை வாசலிலும் நின்றுகொண்டு, பிள்ளைக்கு வாங்கிய சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறால் வடை விற்பவனுக்கும் வழி விட்டுக்கொண்டு, அவர்கள் மலையேறுவார்கள்.

நிலையம் அவர்களை எப்போதும் அன்போடு வரவேற்றது என்று சொல்வதற்கில்லை. 1983 ஆடியில் சுற்றியிருந்த தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2008 பெப்ரவரி 3ஆம் திகதி நிலையத்தினுள்ளேயே தற்கொலைக் குண்டு வெடித்து, பாடசாலை மாணவர் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோட்டையில் ஏறியவர்களை வழியில் இழந்த நாட்களும் உண்டு. 1996 ஜூலை 24இல் தெஹிவளையில் குண்டு. 2004 டிசம்பர் 26இல் மாத்தறைக்குப் புறப்பட்ட வண்டி பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது.

ஆசிரியர் கலாசாலை மாணவனாக நான் அந்த மேடையில் இறங்கிய நாட்களில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே நடப்போம். என் பெயரைப் பார்த்துவிட்டு விலாசத்தைப் பார்ப்பார்கள். விலாசத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பெயரைப் பார்ப்பார்கள். முஸ்லிம் பெயரும் தோட்டப்புற விலாசமும் அவர்கள் கணக்கில் பொருந்தவில்லை போலும். என்னோடு வந்த நண்பனை, விலாசமும் பெயரும் நன்றாகப் பொருந்தியதால், ஒரு மணிநேரம் நிறுத்தி வைத்தார்கள்.

1990 ஜூனில் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைவரை பாதை மறுபடி திறந்தது. நமது மலைப் பாதையோ வேறொரு பெயர் பெற்றது: உலகின் மிக அழகான புகையிரதப் பயணங்களில் ஒன்று. வெளிநாட்டார் கோட்டையில் விடியுமுன் வரிசையில் நிற்கலாயினர். 'எல்ல ஒடிசி' போன்ற உல்லாச வண்டிகள் வந்தன. அட்டைத் துண்டு டிக்கட்டுக்குப் பதிலாக இணையத்தில் ஆசனம் பதியும் முறை வந்து, 2024இல் எல்ல ஆசனங்கள் திறந்த கணத்திலேயே தீர்ந்துபோகின்றன என்ற முறைப்பாடு விசாரணைவரை போனது. உல்லாசப் பயணி வருவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஊருக்கு நாலு காசு வருகிறது. ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படமெடுக்கப்படும் கொழுந்துக்காரியின் மகன் அதே வண்டியில் ஹற்றன்வரை நின்றுகொண்டு வருவதை யாரும் படமெடுப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி மலைப் பாதையைப் பல இடங்களில் பெயர்த்தெறிந்தது. மண்மேடுகள் சரிந்து தண்டவாளங்களை மூடின. சில இடங்களில் கீழிருந்த மண் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கோட்டையிலிருந்து மலைக்குக் கோச்சி இல்லை என்ற செய்தி வந்த நாட்களில், எங்கள் பாடசாலையில் பாதிப் பிள்ளைகளுக்குக் கொழும்பில் யாரோ ஒருவர் இருந்தார்.

பாடசாலை மறுபடி கூடியபோது ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் கோட்டை நிலையத்துக்குப் போனவர் யார், எதற்காகப் போனார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். அநேகர் மாமாவை எழுதியிருந்தனர், கடை வேலைக்கு. சிலர் அக்காவை எழுதியிருந்தனர், தையல் தொழிற்சாலைக்கு. ஒரு பிள்ளை தன் அம்மாவை எழுதியிருந்தாள். வெளிநாடு போக ஏஜென்சிக்குப் போன முதல் பயணம். அதன் கீழே கேளாததையும் எழுதியிருந்தாள். பாட்டி கோட்டையைக் கண்டதில்லையாம். பாட்டியின் அண்ணன் எழுபத்திரண்டில் இந்தியாவுக்குப் போனாராம். ஹற்றன் ஸ்டேசனில் அழுதுகொண்டு நின்றபோது யாரோ ஒருவர், "இந்தக் கோச்சி கொழும்புக்குப் போகாது, பொல்காவலையில் திரும்பிடும்" என்று சொன்னாராம். திரும்பிடும் என்றதும் அண்ணன் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்து, பாட்டி அழுகையை நிறுத்திவிட்டாராம். அப்போது பாட்டிக்கு ஒன்பது வயது.